லிபரோவுக்குத் தனிப்பயிற்சி: பணம் கொடுத்துச் சேர்க்கும் அளவுக்குப் பயன் உண்டா?

நெல்லைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள்; ஆறாம் வகுப்பிலிருந்தே பள்ளி வாலிபால் அணியில் ஆடி வருகிறாள். உயரம் இப்போது 154 சென்டிமீட்டர். இதுவரை நான்காம் இடத்தில் (முன்வரிசையின் இடப்பக்கம்) அட்டாக்கராக ஆடிக்கொண்டிருந்தவளை இந்த ஆண்டு முதல் லிபரோவாக (பின்வரிசையில் மட்டும் நின்று பந்தை எடுக்கும் ஆட்டக்காரராக) ஆடச் சொல்லியிருக்கிறார் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். உயரமான பிள்ளைகள் இருவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள் என்பதும், இவளுக்குப் பந்தை எடுக்கும் கை நன்றாக அமைந்திருக்கிறது என்பதும் அவர் சொன்ன காரணங்கள். மகளுக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் மற்றவர்களிலிருந்து வேறுபட்ட நிறத்தில் சட்டை போடுவதில் அவளுக்கு மகிழ்ச்சிதான்.

பள்ளியில் மாலைப் பயிற்சிக்கு இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வருகிறார்கள், ஆசிரியர் ஒருவர்தான். அட்டாக், சர்வ், பிறகு ஓர் ஆட்டம் என்று நேரம் போய்விடுவதால், பின்வரிசைக்கென்று தனியாகச் சொல்லித்தர அவருக்கு இயலவில்லை. எங்கள் ஊரில் முன்னாள் ஆட்டக்காரர் ஒருவர் தனிப்பயிற்சி தருகிறார். ஒரு மணி நேரத்துக்கு 400 ரூபாய், வாரத்தில் இரண்டு நாள். சேர்ப்பதற்கு முன் ஒரு வகுப்பைப் போய்ப் பார்த்தேன். அவர் இரண்டு மீட்டர் தள்ளி நின்று பந்தைக் கையால் வீச, இவள் அண்டர்ஹேண்டில் திருப்பித் தந்துகொண்டே இருந்தாள். பிறகு சிறிது நேரம் சுவரில் அடித்துப் பழகினாள். கடைசிப் பத்து நிமிடம் மண் தரையில் டைவ். வீட்டுக்கு வரும்போது இரண்டு முழங்கையிலும் சிராய்ப்பு.

இந்தப் பயிற்சி போதுமானதா, இல்லை என்றால் அவரிடம் எதைக் கேட்க வேண்டும், பதினான்கு வயதிலேயே லிபரோ என்று ஒரே இடத்தில் நிறுத்திவிடுவது சரியா, விளையாட்டு விடுதித் தேர்வு, விளையாட்டு ஒதுக்கீடு போன்றவற்றில் லிபரோவுக்கு என்ன வாய்ப்பு என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஆறாம் இடம் எழுதியது:

ஐயா, வணக்கம். நான் கல்லூரியிலும் பிறகு பல்கலைக்கழக அணியிலும் லிபரோவாக ஆடியவன். இப்போது மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் பார்த்த வகுப்பு இனியும் அப்படியே நடக்குமானால் அதற்குப் பணம் கொடுக்க வேண்டாம். அருகில் நின்று வீசும் பந்தைத் திருப்பித் தரும் பயிற்சியை மொட்டைமாடியில் நீங்களே கொடுத்துவிடலாம். கையின் அமைப்பைச் சரிசெய்வதற்கு அது உதவும் என்பதை மறுக்கவில்லை: மணிக்கட்டுக்குச் சற்று மேலே முன்கையின் சதைப்பகுதியில் பந்து படுகிறதா, முழங்கை மடங்காமல் இருக்கிறதா, கையை வீசி அடிக்காமல் காலால் தள்ளுகிறாளா என்பவற்றை அருகில் நின்றுதான் பார்க்க முடியும். மூன்று ஆண்டுகளாக ஆடும் பிள்ளைக்கு அதைத் தொடக்கத்தில் சில வகுப்புகளில் சரிபார்த்தால் போதும். பின்வரிசை ஆட்டத்தில் கைக்கு வேலை கடைசியில்தான் வருகிறது. அதற்குள் கண்ணும் காலும் பெரும்பகுதி வேலையை முடித்திருக்க வேண்டும். வீசித் தரும் பந்தில் கண்ணுக்கு வேலையே இல்லை. எங்கே வரும், எப்போது வரும், எவ்வளவு வேகத்தில் வரும் என்பதெல்லாம் வீசுவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

சர்வ் ரிசீவை, அதாவது எதிரணியின் சர்வை எடுப்பதை, முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் பள்ளி ஆட்டங்களில் பெரும்பாலான புள்ளிகள் அங்கேதான் போகின்றன. ஃபுளோட் சர்வில் பந்து சுழலாமல் வருவதால், கடைசி நேரத்தில் பக்கவாட்டிலோ கீழேயோ விலகும். அது விலகுவதற்குள் ஓரடி முன்னேறித் தலைக்கு மேலே விரல்களால் எடுப்பது ஒரு வழி. கைகளை முன்கூட்டியே அமைத்துக்கொண்டு, பந்துக்கு நேராகக் காலை நகர்த்தி, கடைசித் துளி நேரத்தில் கையை ஆட்டாமல் எடுப்பது இன்னொரு வழி. முதல் தொடுதலில் ஒரே செயலின்போது பந்து இரண்டு கையிலும் அடுத்தடுத்துப் பட்டாலும் விதி அனுமதிக்கிறது, பிடித்து எறிவதுதான் கூடாது. இருந்தும் நம் பிள்ளைகள் சர்வை விரலால் எடுக்க இன்னும் தயங்குகிறார்கள். மேல்சுழற்சியோடு வரும் ஜம்ப் சர்வ் முற்றிலும் வேறு வகை. அது விலகாது, ஆனால் வேகமாக இறங்கும், முன்கையில் பட்டதும் மேலெழும்பி நம் தலைக்குப் பின்னால் போகப் பார்க்கும். அதற்குக் கைகளை இன்னும் முன்னோக்கிச் சாய்த்து வைக்க வேண்டும். இந்த இரண்டையும் பயிற்சியாளர் வலைக்கு அப்பால் நின்று அடித்தால்தான் கற்க முடியும். இறுதிக்கோட்டிலிருந்தே அடிக்க வேண்டும் என்பதில்லை, தொடக்கத்தில் இரண்டு மூன்று மீட்டர் உள்ளே வந்து நின்று அடித்தாலும் சரி. ஆனால் பந்து 2.24 மீட்டர் வலையைத் தாண்டித்தான் வர வேண்டும். சர்வ் போடுபவர் பந்தை மேலே தூக்கும்போதே, அது சுழல்கிறதா, உடலுக்கு முன்னால் போகிறதா என்று பார்த்து எந்த வகை என்பதை அவள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இதை ஒரு பயிற்சியாகவே வைக்கலாம்: பந்தை எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, வகையை மட்டும் சொன்னால் போதும்.

அட்டாக்கை எடுப்பது இதைவிடக் கடினம், கற்றுக்கொடுப்பதும் கடினம். எதிரணி செட்டரின் (அட்டாக்கருக்குப் பந்தைத் தூக்கித் தருபவரின்) கையிலிருந்து பந்து கிளம்பியதும், அது எங்கே போகிறது என்பதை ஒரு நொடியில் கணித்துவிட்டுப் பார்வையை அட்டாக்கருக்கு மாற்ற வேண்டும். பந்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பதுதான் புதிய லிபரோக்களிடம் நான் அதிகம் காணும் குறை. பந்து வலையை ஒட்டி வந்திருக்கிறதா, மூன்று மீட்டர் கோட்டுப்பக்கம் தள்ளி வந்திருக்கிறதா என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். தள்ளி வந்த பந்தைச் செங்குத்தாக இறக்கி அடிக்க முடியாது, ஆகவே ஓரிரு அடி பின்னால் போகலாம். அட்டாக்கர் தாமதமாக ஓடிவந்து பந்துக்கு அடியில் மாட்டிக்கொண்டால் பெரும்பாலும் டிராப்தான் (ஓங்கி அடிக்காமல் மெல்லத் தட்டிப் போடுவது), ஆகவே எடை முன்னங்காலுக்கு வர வேண்டும். ஓட்டத்தின் திசை, தோள் திரும்பும் பக்கம், கடைசியாக முழங்கை என்று இந்த வரிசையில் கண் போக வேண்டும். முழங்கை உயர்ந்து பின்னால் போனால் வேகமான அடி. வேகம் குறைந்து கை நீண்டுகொண்டே வந்தால் டிராப். அடி விழும் அந்தக் கணத்தில் அவள் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. தவறான இடத்தில் அசையாமல் நிற்பவள்கூடச் சில பந்துகளை எடுத்துவிடுவாள். சரியான இடத்தை நோக்கி ஓடிக்கொண்டிருப்பவளால் எடுக்க முடியாது.

இன்னொன்று, தன் அணியின் பிளாக்குக்கு (எதிரணியின் அடியை வலையருகே குதித்துக் கையால் தடுப்பவர்களுக்கு) நேர் பின்னால், அதாவது அட்டாக்கரின் கை தெரியாத இடத்தில், வேகமான அடிக்காகக் காத்து நிற்பது வீண். அந்தப் பாதையைப் பிளாக்கர் ஏற்கெனவே அடைத்துவிட்டார். பிளாக்கரின் கைக்கு வெளியே பந்தும் அடிக்கும் கையும் தெரிகிற இடத்துக்கு நகர வேண்டும். இதைத் தனியாக ஒருவரோடு பழக முடியாது. பயிற்சியாளர் வலைக்கு அப்பால் ஒரு மேசைமீது ஏறி நின்று அடிக்க, இப்பக்கம் ஒரு பிள்ளை பிளாக்குக்குக் குதிக்க, இவள் இடம் தேடி நிற்க வேண்டும். ஆகவே நான் சொல்லக்கூடியது: தனி வகுப்பாகச் சேர்க்காமல் அதே அணியிலிருந்து ஒரு செட்டரையும் ஓர் அட்டாக்கரையும் சேர்த்து மூவராகப் போகச் சொல்லுங்கள். கட்டணமும் பகிர்ந்துபோகும், "என் பந்து", "விடு, வெளியே", "முன்னால்" என்று குரல் கொடுக்கும் பழக்கமும் வரும். குரல் கொடுக்காத லிபரோவை எந்த அணியும் நெடுநாள் வைத்துக்கொள்வதில்லை.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. லண்டன் 2012 ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ஜப்பான் பெண்கள் அணியின் லிபரோ யூகோ சானோ 159 சென்டிமீட்டர்தான். ஆனால் லிபரோ இடம் உயரம் குறைந்தவர்களுக்காக ஒதுக்கப்பட்டது என்ற எண்ணத்தையும் நான் ஏற்பதில்லை. பிரேசிலின் செர்ஜியோ சாண்டோஸ் 184 சென்டிமீட்டர். 2009 உலக லீக்கிலும் 2016 ரியோ ஒலிம்பிக்கிலும் ஒட்டுமொத்தச் சிறந்த ஆட்டக்காரர் விருதை லிபரோவாக இருந்தே பெற்றார். ஆசிரியர் உங்கள் மகளின் கையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார் என்பதுதான் இங்கே நல்ல செய்தி.

டல்லாஸ் தமிழ் எழுதியது:

வணக்கம். என் மகள் இங்கே டெக்சாஸில் கிளப் வாலிபால் ஆடுகிறாள் என்பதால், தனிப்பயிற்சி என்ற பேச்சு எங்களுக்கு அன்றாடம். இணையத்தில் கிடைக்கும் பின்வரிசைப் பயிற்சிக் காணொளிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் எடுக்கப்பட்டவை. அவற்றைப் பார்த்துப் பழகுவதற்கு முன் விதி வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இங்கே லிபரோவைத் தவிர, டிஃபென்சிவ் ஸ்பெஷலிஸ்ட் என்று இன்னொரு இடமும் உண்டு. முன்வரிசையில் ஆடிய உயரமான பெண் சுழற்சியில் பின்வரிசைக்கு வந்ததும், அவரை வெளியே எடுத்துவிட்டு, வழக்கமான மாற்று ஆட்டக்காரராக இவர் உள்ளே வருவார். இது சாத்தியமாவதற்குக் காரணம் மாற்றங்களின் எண்ணிக்கை: உயர்நிலைப் பள்ளி விதியில் ஒரு செட்டுக்கு 18 மாற்றங்கள், கல்லூரிப் பெண்கள் ஆட்டத்தில் 15. பன்னாட்டு வாலிபால் கூட்டமைப்பின் விதியில் ஆறு மட்டுமே. அதிலும் ஒருவரை எடுத்து, மீண்டும் உள்ளே விட்டால் இரண்டு கணக்கு போய்விடும். ஆகவே இந்த இடம் அமெரிக்காவில் செழித்த அளவுக்கு இந்தியாவில் செழிக்க வழியில்லை.

லிபரோ சர்வ் போடுவதும் அப்படித்தான். இங்கே பள்ளியிலும் கல்லூரியிலும் லிபரோ ஒரு சுழற்சி இடத்தில் சர்வ் போடலாம். பன்னாட்டு விதியில் போடவே கூடாது. 1998-இல் லிபரோ இடம் பன்னாட்டு ஆட்டத்துக்கு வந்தபோதே சர்வ், பிளாக் இரண்டும் விலக்கப்பட்டிருந்தன. வலையின் மேல்விளிம்புக்கு மேலே முழுமையாக இருக்கும் பந்தை எதிர்ப்பக்கம் அனுப்பவும் லிபரோவுக்கு அனுமதி கிடையாது.

செட்டர் முதல் பந்தை எடுக்க நேரும்போது இரண்டாவது பந்தைத் தூக்கும் வேலை பெரும்பாலும் லிபரோவிடம்தான் வரும். மூன்று மீட்டர் கோட்டுக்கு முன்னால் நின்று விரலால் தூக்கினால், அந்தப் பந்தை அட்டாக்கர் வலை உயரத்துக்கு மேலிருந்து அடிக்க முடியாது, அடித்தால் தவறு. ஆகவே கோட்டுக்குப் பின்னாலிருந்து குதித்துக் காற்றிலேயே தூக்கிவிட்டு முன்னால் இறங்கவோ, முன்பகுதியில் முன்கையால் உயர்த்திக் கொடுக்கவோ பழக வேண்டும். இங்கே நல்ல பயிற்சியாளர்கள் இதற்கென்று வகுப்பின் ஒரு பகுதியை ஒதுக்குகிறார்கள். உங்கள் ஊர்ப் பயிற்சியாளரிடம் இதைச் சொல்லித் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள். அவர் தரும் பதிலிலிருந்தே லிபரோ ஆட்டம் அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது உங்களுக்கு விளங்கிவிடும்.

கட்டணத்தைப் பற்றிச் சொல்வதானால், இங்கே தனிப்பயிற்சிக்கு ஆகும் செலவை ரூபாயில் எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். செலவழிக்கிறார்கள் என்பதற்காக எல்லாம் பயன் தருகிறது என்று எண்ணிவிட வேண்டாம். நீங்கள் கண்ட அதே வீசித் தரும் பயிற்சிக்கு இங்கும் பெற்றோர் வரிசையில் நிற்கிறார்கள்.

மண்தரை எழுதியது:

நான் அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். மேலே ஆறாம் இடம் எழுதியிருப்பதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஒரு பயிற்சிக்கு மட்டும் தனி வகுப்புதான் ஏற்றது என்பது என் கருத்து: தரையில் விழுந்து எழுவது. இருபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு டைவ் சொல்லித் தர எனக்குத் துணிவு இல்லை. ஒருத்தி தாடையை இடித்துக்கொண்டாலும் அடுத்த நாள் நான் தலைமையாசிரியர் அறையில் நிற்க வேண்டும். ஒருவருக்கு ஒருவர் என்ற நிலையில், உயரத்தையும் வேகத்தையும் சிறிது சிறிதாகக் கூட்டி இதைக் கற்றுக்கொடுக்க முடியும்.

ஆனால் அவர் தொடங்கிய இடம் தவறு. கடினமான மண் தரையில் முதல் வகுப்பிலேயே டைவ் போடச் சொன்னால் பிள்ளை உடம்பை இறுக்கிக்கொள்வாள். இறுக்கிய உடம்புதான் அடிபடும். பள்ளியில் நீளம் தாண்டும் மணற்குழி இருக்குமே, அதைக் கொத்தி இளக்கிவிட்டு அங்கே தொடங்கச் சொல்லுங்கள். முதலில் முழங்காலில் நின்றபடி, உள்ளங்கைகளை ஊன்றி, மார்பும் வயிறும் வரிசையாகத் தரையில் வழுக்குமாறு பழக வேண்டும். பிறகு தாழ்ந்து குனிந்த நிலையிலிருந்து ஓரடி எடுத்து வைத்து. ஓட்டத்திலிருந்து டைவ் என்பது கடைசியில்தான். தாடை எப்போதும் மேலே இருக்க வேண்டும், முழங்கை முதலில் தரையில் படக்கூடாது, விழுவதற்கு முன் பந்து கையில் பட்டிருக்க வேண்டும். மணலுக்கு அடுத்து புல்தரை; உள்ளரங்கம் கிடைத்தால் மரத்தளம். மண் ஆடுகளத்தில் பழகியே தீர வேண்டும் என்றால் கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, முழங்கால் பட்டையும் முழங்கை உறையும் போட்டுத்தான். நம் பள்ளிப் போட்டிகள் பெரும்பாலும் மண்ணில்தான் நடக்கின்றன என்பதால், பெண் பிள்ளைக்கு அங்கே நான் அதிகம் சொல்லித் தருவது டைவைத் தவிர்க்கும் கால்வேலையைத்தான்: தாழ்ந்து நின்று இரண்டு எட்டில் போய்ச் சேரக்கூடிய பந்துக்கு விழ வேண்டிய தேவையே இல்லை.

ஒரே இடத்தில் நிறுத்துவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆட்டத்தில் லிபரோவாக ஆடட்டும், பயிற்சியில் சர்வையும் அட்டாக்கையும் விட வேண்டாம். 12 பேர் அணியில் லிபரோ என்று அதிகம் போனால் இருவரைத்தான் பதிவுசெய்ய முடியும். மாவட்ட அணித் தேர்வில் இவளைவிடக் கைதேர்ந்த லிபரோ இருவர் இருந்துவிட்டால், சர்வும் தெரியாத பிள்ளைக்கு அந்த அணியில் வேறு வழியே இல்லாமல் போகும். நல்ல சர்வ் கையில் இருந்தால், மேலே டல்லாஸ் நண்பர் விளக்கிய முறையில், கடைசிப் புள்ளிகளில் சர்வ் போட்டுப் பின்வரிசை காக்க ஒரு மாற்றமாக உள்ளே போகலாம். ஆறே மாற்றங்கள் உள்ள நம் விதியிலும் பல பயிற்சியாளர்கள் அதற்கென்று ஒருவரை வைத்திருக்கிறார்கள்.

விடுதித் தேர்வுகளில் உயரமும் குதிக்கும் அளவும் பார்க்கப்படுவது உண்டு. 154 சென்டிமீட்டரில் அந்த வழியை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்பதே என் அறிவுரை. ஒதுக்கீட்டுக்குப் பார்க்கப்படுவது எந்த நிலைப் போட்டியில் அணியில் ஆடினாள், என்ன இடம் கிடைத்தது என்பது. சான்றிதழில் லிபரோ, செட்டர் என்ற பாகுபாடு இருக்காது. ஆகவே குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள், முதலமைச்சர் கோப்பை ஆகியவற்றுக்கான அணியில் தொடர்ந்து இடம்பெறுவதுதான் முதல் நோக்கமாக இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. தனிப்பயிற்சியில் சேர்ப்பதைப் பள்ளி ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சர்வ் ரிசீவில் எத்தனை பேர் நிற்பது, பிளாக் எந்தப் பக்கத்தை அடைக்கும், லிபரோ ஐந்தாம் இடத்தில் (பின்வரிசையின் இடப்பக்கம்) நிற்பதா ஆறாம் இடத்தில் (பின்வரிசையின் நடு) நிற்பதா என்பது அணிக்கு அணி வேறுபடும். வெளியே ஒருவர் ஆறாம் இடத்தில் நிறுத்திப் பழக்கி, பள்ளியில் நான் ஐந்தில் நிறுத்தினால் திணறுவது பிள்ளைதான்.

நெல்லைவாசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. பயிற்சியாளரிடம் பேசினேன். வலைக்கு அப்பாலிருந்து சர்வ் போடவும், அவளோடு அவள் அணியின் செட்டரையும் இன்னொரு பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளவும் ஒப்புக்கொண்டார். மூவருக்கும் சேர்த்து மணிக்கு 600 ரூபாய் என்றார். இரண்டாவது பந்தைத் தூக்குவது பற்றிக் கேட்டதும், "அதெல்லாம் செட்டர் வேலை" என்று முதலில் சொன்னவர், விதியை எடுத்துச் சொன்னபின் பார்க்கலாம் என்றார். மணற்குழிக்குப் பள்ளியில் அனுமதி கிடைத்துவிட்டது. மூன்று மாதம் பார்க்கலாம் என்று எண்ணியிருக்கிறோம். முன்னேற்றம் இருக்கிறதா இல்லையா என்பதை ஆட்டம் தெரியாத என்னைப் போன்ற தகப்பன் எப்படிக் கண்டுகொள்வது?

ஆறாம் இடம் எழுதியது:

ஐயா, அதற்கு ஆட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, ஒரு நோட்டும் பேனாவும் போதும். சர்வ் ரிசீவுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் போடும் முறை உலகெங்கும் வழக்கத்தில் இருக்கிறது. அவள் எடுத்த பந்து செட்டரின் இடத்துக்கே போய், செட்டர் நகராமல் எந்த அட்டாக்கருக்கும் கொடுக்க முடிந்தால் 3. செட்டர் சில அடி நகர்ந்து, ஓரத்தில் உள்ளவர்களுக்கு மட்டும் கொடுக்க முடிந்தால் 2. யாரோ ஓடிப்போய் எப்படியோ உயர்த்தித் தர வேண்டியிருந்தால் 1. நேரே புள்ளி போய்விட்டால் 0. மொத்தத்தை எடுத்த பந்துகளின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி வரும். பள்ளி அளவில் அது 2-ஐ ஒட்டி நின்றால் நல்ல லிபரோ என்று தயங்காமல் சொல்லலாம்.

பயிற்சியில் எடுத்த பந்துகளுக்கு மதிப்பெண் போடாதீர்கள். ஆட்டத்தில் வந்தவற்றுக்கு மட்டும் போடுங்கள். பக்கத்தில் இன்னொரு கட்டம் இழுத்து, வந்தது ஃபுளோட்டா சுழற்சி சர்வா என்பதையும், வலப்பக்கம் எடுத்தாளா இடப்பக்கம் எடுத்தாளா என்பதையும் குறித்துவைத்தால், பயிற்சியாளரிடம் போய் "இடப்பக்கத்து ஃபுளோட்டில்தான் மதிப்பெண் விழுகிறது" என்று உங்களால் குறிப்பாகச் சொல்ல முடியும். எதிரணி சர்வை அவள் இருக்கும் பக்கத்தைத் தவிர்த்து மற்றவர்கள் பக்கமே போடத் தொடங்கினால், அன்று நோட்டில் பந்துகளின் எண்ணிக்கை குறையும். அதைப் பின்னடைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அட்டாக்குக்கு இப்படி மதிப்பெண் போடுவது உங்களுக்குக் கடினமாக இருக்கும். அதற்குப் பதிலாக, இறுதிக்கோட்டுக்குப் பின்னால் கைபேசியை ஒரு தாங்கியில் வைத்து ஒரு செட்டை மட்டும் பதிவுசெய்யுங்கள். எதிரணி அடிக்கும் கணத்தில் நிறுத்திப் பார்த்து, அவள் இரண்டு காலும் தரையில் ஊன்றி நிற்கிறாளா, இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறாளா என்பதை மட்டும் எண்ணுங்கள். முதல் மாதத்தில் பத்துக்கு மூன்று நான்கு முறை நின்றிருந்தாலே போதும், மூன்றாம் மாதத்தில் பாதிக்கு மேல் வர வேண்டும். அப்படி வராவிட்டால் வகுப்பில் கைக்கு மட்டுமே வேலை நடக்கிறது என்று பொருள். அந்தப் பதிவையே பயிற்சியாளரிடம் காட்டிப் பேசலாம்.